பியானோலாவின் இடப்பக்கம்

1979 ஜூன் 3, ஞாயிறு

அம்பிட்டியவில் விடியற்காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. ரோல்களை அலுமாரியிலிருந்து இறக்கி அடுப்படியில் பரப்பினேன். வத்தேகமத் துரை தோட்டத்தை விட்டுப் போனபோது, காலால் மிதித்தால் தானே வாசிக்கும் இந்தப் பியானோலாவோடு சேர்த்துத் தந்த ஓட்டைக் காகிதச் சுருள்கள். எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. லேபிள் முக்கால்வாசி பூச்சிக்குச் சாப்பாடு. பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு பாட்டு.

மேர்ஸி நன்றாக இருந்தபோது இதைத் தொடவிட்டதில்லை. “காலால மிதிச்சு வர்றதெல்லாம் ஒரு பாட்டாங்க?” என்பாள். படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கையால் சொல்லிக்கொடுக்கத்தான் அவளுக்கு அந்தப் பியானோ. மாசியில் பாரிசவாதம். வலக்கை, வலக்கால், பேச்சு, எல்லாம் போயிற்று. நாள் முழுக்க ஜன்னலோரக் கதிரையில், பியானோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினால் போதும் எனக்கு.

மகள் ஜெயா வந்திருந்தாள். “எதுக்குப்பா இந்தக் குப்பை? அம்மா அழப்போறாங்க.”

“அழட்டும். இப்பிடி உக்காந்திருக்கிறத விட அது தேவல.”

ஜூன் 5

கண்டியிலிருந்து பியானோ டியூனர் வந்தார். உள்ளே ரப்பர் குழாய்கள் மாற்றினார். பிளேன்டீ இரண்டு கோப்பை. ரோலுக்கு வயது பார்க்கும் விதம் கேட்டுக்கொண்டேன்:

சுருள்கட்டையின் முனையில் ஆணி நீட்டியிருந்தால் ரொம்பப் பழசு. முதல் யுத்தத்துக்கு முந்தியது. நம்முடையதில் ஏறாது.

ஓட்டைகள் அளவுகோல் பிடித்த மாதிரி நேர் வரிசை: இசைத்தாளைப் பார்த்து வெட்டியது.

முன்னே பின்னே இருந்தால்: யாரோ வாசிக்க வாசிக்கப் பதிந்தது. பெரும்பாலும் பிந்தியது.

ஓரத்தில் பாட்டு வரி: இன்னும் பிந்தியது.

“பெட்டிய நம்பாதீங்க மாஸ்டர். ஓட்டையப் பாருங்க.”

ஜூன் 6

யாரோ ஒரு வெள்ளைக்காரர் வாசித்துப் பதிந்த ரோல். நல்ல ஓட்டம் என்று பட்டது. எனக்கென்ன தெரியும். கட்டைகள் தானாக அமுங்கின, எழும்பின. மேர்ஸி திரும்பினாள். கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். ஜெயா சொன்னது சரி. நான் மடையன்.

ஆனால் ஒன்று. அழும்போதும் அவள் இடக்கை விரல்கள் கதிரைக் கையில் தட்டிக்கொண்டே இருந்தன.

ஜூன் 9, சனி

மழை. அரிசி, மண்ணெண்ணெய், பிளாஸ்டர் (டிஸ்பென்சரி).

காகிதம் ஓடும் இடத்தில் ஒரு பித்தளைப் பட்டை. அதில் வரிசையாகத் துவாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டைக்கு. அடைத்தால் அந்தக் கட்டை பேசாது. இடப்பக்கம் பாதிக்குப் பிளாஸ்டர் ஒட்டினேன். இப்போது பியானோ வலக்கை வேலையை மட்டும் செய்யும்.

மேர்ஸியைத் தாங்கி வந்து பியானோ முன்னால் இருக்கும் நீள வாங்கில் இடப்பக்கம் உட்காரவைத்தேன். வலப்பக்கம் நான், மிதிக்க. விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. இடக்கையை வைத்தாள். வெள்ளைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஓடினார், நின்றார், மறுபடி ஓடினார். அவளால் பிடிக்க முடியவில்லை. கட்டைகளை ஓங்கி அடித்தாள்.

அவர் இவளுக்குச் சரிவர மாட்டார். நேர் வரிசை ரோல் ஒன்று வேண்டும்.

ஜூன் 10, ஞாயிறு

மழை விட்டது. கோயிலுக்குப் போகவில்லை. அளவுகோலும் மூக்குக்கண்ணாடியுமாகக் குவியல் முழுக்கப் பார்த்தேன். ஏறக்கூடியதில் நேர் வரிசை ஒன்றே ஒன்று. ஓரத்தில் வரி இல்லை. லேபிளும் இல்லை. போட்டுப் பார்த்தால், பிள்ளைகளுக்கு அவள் எப்போதும் சொல்லிக்கொடுத்த வால்ஸ்!

சேர்ந்துகொண்டாள். முதலில் ஒரு விரல், பிறகு கை முழுதும். எனக்குச் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. மெஷின் பழசு, கால் ஓடினால் காகிதமும் ஓடுகிறது.

“மெதுவா.”

மாசிக்குப் பிறகு முதல் சொல். மிதிப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தாதே என்பதுபோல் என் முழங்காலில் இடக்கையால் ஓர் அடி போட்டாள். ஜெயா தேங்காய்ப் பாதியோடு வாசற்படியில் நின்று அழுதாள். நானும்தான்.

பெட்டியில் எழுதினேன்: வருடம் நிச்சயமில்லை. முதல் யுத்தத்தை ஒட்டி. மேர்ஸியுடையது.

ஜூன் 19

தினமும் தேத்தண்ணிக்குப் பிறகு. மிதித்து மிதித்து எனக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, எண்ணெய் தடவினேன். சொல் அந்த ஒன்றுதான். நான் மிதித்தாலும் “மெதுவா”. கஞ்சி சுட்டாலும் “மெதுவா”. மழை சத்தமாகப் பெய்தாலும் அதே. சிரிக்கிறாள், வாய் கோணலாக. நாங்கள் வாத்திமார் இருவர். முப்பது வருடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தது இப்போதுதான்.

ஜூலை 8, ஞாயிறு

இத்தனை நாள் எழுத முடியவில்லை. மேர்ஸிக்கு மறுபடி வாதம் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள். மகியாவை மயானத்தில் அடக்கம். மழையில் மண் சரிந்துகொண்டே இருந்தது.

ஜெயா இன்று வத்தேகமவுக்குத் திரும்பினாள். அம்மாவின் சேலைகளைக் கொண்டுபோனாள். போகுமுன் பியானோவைத் துடைத்தாள்.

“இந்தப் பிளாஸ்டரப் பிச்சிரட்டுமாப்பா? பாட்ட முழுசா கேக்கலாமே.”

“கை வைக்காத!” என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள்.

பஸ் போன சத்தம் கேட்ட பிறகு ரோலைப் போட்டேன். என் இடத்தில், வலப்பக்கமே உட்கார்ந்தேன். கடைசிவரை ஓடியது. மெதுவாகத்தான் மிதித்தேன்.