அகராதிக்குத் தெரியாத சொற்கள்

ஜூலை 22, செவ்வாய்

விடியும்போதே தூறல். ஸ்வெட்டர் எடுத்தது நல்லதாயிற்று. சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியதாம், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் சேர 9.50. பிரபா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வேலை வழக்கம்போல. ஜப்பான்காரர்கள் போனில் ஒலியை அடித்தால் அதற்குரிய எழுத்துகளை வரிசையாக எடுத்துக் காட்டும் கீபோர்டு. அதன் அகராதிக்குத் தெரியாத சொல் எது வந்தாலும் மறுநாள் காலை என் திரைக்கு வரும். சேர், நீக்கு, இரண்டே பட்டன். நாலு வருடம் மண்டையை உடைத்து ஜப்பானிய மொழி படித்தது இந்த இரண்டு பட்டனுக்கு.

இப்போது அதைச் சோதனைக்குப் போனில் போட்டுக்கொண்டிருப்பவர்கள், என் வீட்டுக்காரர் கு. வேலை செய்யும் பார்ட்ஸ் கம்பெனியின் ஜப்பான் ஆட்கள், பதினோரு பேர். யார் அடித்தது என்று வராது. வாக்கியம் வராது. சொல், எத்தனை தடவை, எந்த நேரம். அவ்வளவுதான்.

இன்று வந்தவை: ஊத்தங்கரை. மசால் தோசை (மூன்று விதமாக எழுதி, மூன்றும் தப்பு). மூன்றாம் பிரஸ் சென்சார், 9 தடவை. கு. ஓட்டுகிற, தகடு அழுத்தும் பிரஸ் அது. எல்லாம் சேர்.

சாயங்காலம் சொன்னேன். "ஏங்க, உங்க மெஷின் ஜப்பான் அகராதியில ஏறிடுச்சு."

"மெஷின் ஏறிடுச்சு. நான் எப்ப பர்மனென்ட் லிஸ்ட்ல ஏறுறது?"

ஜூலை 23, புதன்

வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, அவருக்குக் கை கிளவுஸ் (கம்பெனி கொடுத்தது கிழிந்துவிட்டது).

காலையில் கு.வின் கட்டைவிரலை வைத்து ஒரு சோதனை. கீபோர்டு பட்டனைத் தொட்டு இடப்பக்கம் இழுத்தால் ஓர் எழுத்து, மேலே இழுத்தால் வேறு. காய்ப்பு ஏறிய விரல், பாதி தடவை திரை எடுக்கவில்லை. "ஜப்பான்ல யாருக்கும் காய்ப்பு இல்லையாக்கும்" என்றார். குறித்துக்கொண்டேன், மேடத்திடம் சொல்ல வேண்டும்.

பட்டியலில் புதிதாக 'தற்காலிக-நீக்கம்'. இரண்டு சாதாரணச் சொற்களை ஒட்டி எழுதியது. நேர வரிசையில் பார்த்தேன். மூன்றாம் பிரஸ் சென்சார். தற்காலிக-நீக்கம். மாசக்கடைசி-ஏற்றுமதி. பத்து நிமிஷத்துக்குள் மூன்றும்.

சென்சார் என்றால் கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார். அதையா நீக்குவார்கள்? இருக்காது. வேறு ஏதாவது இருக்கும்.

ஜூலை 24, வியாழன்

காற்று. ஆடி அமாவாசை, பஸ்ஸில் கூட்டம். வீட்டு ஓனர் அம்மா வழக்கம்போலக் கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரித்தார், பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

பட்டியலில் முதல் சொல்: பதிவு-வேண்டாம். 6 தடவை. நீக்கியதை எங்கும் எழுதிவைக்க வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

மேடத்திடம் போனேன். படித்தார். கதவைச் சாத்தினார்.

"செல்வி, நாம வார்த்தையப் பாக்கறவங்க. விஷயத்தப் பாக்கறவங்க இல்ல."

"மேடம், என் வீட்டுக்காரர் அந்த மெஷின்லதான் நிக்கறாரு."

"தெரியும். எப்படித் தெரிஞ்சதுன்னு அவங்க கேட்டா என்ன சொல்லுவ? பட்டியல்ல இருக்கறத வெளிய சொல்ல மாட்டேன்னு நீ கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு. ஆபீஸே மூடிடுவாங்க, பதினெட்டு பேரு."

பிறகு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நல்ல மனுஷிதான். அதுதான் எரிச்சல்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. தெரு முழுக்க மைக் செட். கு. கோயில் கூழ் வாங்கி வந்தார். குடிக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், பிரஸ் எப்படி ஓடுகிறது என்று.

"சூப்பரா ஓடுது. முன்ன சும்மா சும்மா நிக்கும். மூணு நாளா ஒரு தரம்கூட நிக்கல. ரிப்பேர் பண்ணிட்டோம்னாரு சூப்பர்வைசர்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லிஸ்ட் போடற நேரம்மா. இப்பப் போயி மாட்டேன்னா பேர வெட்டிடுவாங்க."

"கை போனா லிஸ்ட்ல எந்தக் கையால கையெழுத்துப் போடுவீங்க?"

பிறகு, தோள்பட்டை வலி என்று சொல்லிப் பேக்கிங்குக்கு மாற்றிக் கேட்கிறேன் என்றார். எப்படித் தெரிந்தது என்று ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது என்றேன். சத்தியம் வாங்கினேன்.

ஜூலை 26, சனி

மாற்றிவிட்டார்கள். திங்கள் முதல் பேக்கிங். அவர் இடத்தில் சங்கர். ஊத்தங்கரைப் பையன், பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாமல் நம் வீட்டில் சாப்பிட்டவன். என்னை அக்கா என்பான். பிரஸ் லைன் கிடைத்ததில் குஷியாம், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"நீதானே யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்குன."

சங்கருக்குத் தெரிந்தால் லைன் முழுக்கத் தெரியும். அங்கிருந்து மேலே. ஓசூரில் ஜப்பானிய மொழி தெரிந்து இந்தப் பட்டியல் பார்ப்பவள் நான் ஒருத்தி. விரல் நேராக என்னைத்தான் காட்டும்.

இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நிம்மதிதான்.

ஜூலை 27, ஞாயிறு

துணி. தலைக்குக் குளியல். காலிஃப்ளவர் பொரியல்.

சங்கர் நம்பர் கு. போனில் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்தேன். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

"மாசக்கடைசிக்கு நாலு நாளுதான்" என்றார் கு. "புது சென்சார் வந்துடும். அவன் சூட்டிகையான பையன்." நானும் ஆமாம் என்றேன்.

ஜூலை 28, திங்கள்

வெயில். பட்டியலில் 22 சொற்கள், பிரஸ் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு மாம்பழப் பெயர், ஒரு நாய்க்குட்டியின் பெயர். சேர், சேர். மேடம் காய்ப்பு விரல் விஷயத்தைப் பாராட்டினார்.

கு. சீக்கிரம் வந்தார். பேக்கிங்கில் வேலை சுலபமாம். சங்கரைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மறுபடி தூறல். பட்டியல் 9.30க்குத் திறந்தேன்.

முதல் சொல்: சங்கர். ஜப்பான் எழுத்தில், 41 தடவை. நேற்று ராத்திரி ஷிப்டிலிருந்து இன்று காலை வரை. நேற்றுவரை அந்தப் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அடுத்தது பாகலூர் ரோடு பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர், 17 தடவை. அதற்கடுத்து 'தொழிலாளியின்-கவனக்குறைவு', 12.

சேர், நீக்கு இரண்டையும் அழுத்தவில்லை. கு.வுக்கு ஐந்து தடவை அடித்தேன், எடுக்கவில்லை.

10.50. அவரே கூப்பிட்டார். பின்னால் பேக்கிங் லைன் சத்தம்.

"ரெண்டு கையும்மா. மணிக்கட்டோட."

அழுகை வந்தது, மேடம் பார்க்கிறார் என்று அடக்கினேன். கு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"செல்வி, நமக்கு முன்னாடியே தெரியும்னு நீ யார்கிட்டயும் சொல்லலியே?"

"சொல்லலை" என்றேன்.