வண்டிக் கதவில் சிவப்பு ரிப்பன்

செவ்வாய், ஸ்ரீரங்கம்

இல்லை, செல்வி எங்கள் மருந்து ஆய்விலிருந்து விருப்பப்பட்டு விலகவில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைக் கணவனுக்குத் தெரியாமல் மஞ்சள்தூள் டப்பாவில் ஒளித்துவைத்து விழுங்கியவள் அவள். இந்த மாதம் மாத்திரை வாங்க வரவில்லையே என்று மண்ணச்சநல்லூருக்குத் தேடிப் போனேன். கதவில் சிவப்பு ரிப்பனும் ‘எய்ட்ஸ் தடுப்பு’ என்ற எழுத்தும் உள்ள ஆய்வு வண்டியை அவள் வாசலிலேயே நிறுத்தினேன். தெருவே படித்தது.

“நாளைக்கு நானே வந்திருப்பேன்ல, மேடம்? வண்டிய ரைஸ்மில்லுகிட்ட விட்டுட்டு நடந்து வந்திருக்கக் கூடாதா? இனிமே அவரு டப்பா டப்பாவாத் தேடுவாரு.”

மிச்ச மாத்திரைகளை என் கையில் திணித்துவிட்டாள்.

ஆய்வை நடத்தும் பேராசிரியர் போனில் சொன்னார்: “அவளுக்கு விருப்பமில்லைன்னு போட்டுடும்மா. நடந்தத எழுதினா உன் பேருதான் கெடும்.”

பெண்களைக் காப்பாற்றத்தான் இத்தனை வருடம் படித்தேன்.

விலகல் படிவத்தில் ‘ஆய்வாளரின் தவறு’ என்றொரு கட்டமே இல்லை. ஓரத்தில் அதை எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன்.