கண்மாய்க்குள் ஒரு திருகு வண்டி

மே 4

காலையில் கண்மாய்க் கரையில் ஊர்க் கூட்டம். மடைக்கு முன்னால் சேறும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன. ஜேசிபியை உள்ளே இறக்கினால் புதையும். கரையில் நின்றால் கை எட்டாது. ஜூன் முதல் வாரம் லோயர் கேம்ப்பிலிருந்து பெரியாறு அணைத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் மடை துலங்காவிட்டால் கீழ் வயல்களுக்கு முதல் போகம் கிடையாது.

அண்ணன் விஜயபாண்டி எழுந்து, "போன வருசம் மாதிரி நானே இறங்குறேன்" என்றான். போன வருசம் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கி, மார்பு வரை புதைந்து, பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்து, ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்த ஆள். மடை திறப்பது எங்கள் குடும்பத்து முறையாம். உமா மதினி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நீ இறங்க வேணாம்ண்ணே. நான் வண்டி விடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

என்ன வண்டி? எனக்கே தெரியாது.

மே 6

கிடைத்துவிட்டது. இரண்டு நாள் போனில் தோண்டியதற்குப் பலன்.

சக்கரமே இல்லாத வண்டி. இரண்டு பெரிய உருளைகள் படுத்துக் கிடக்கின்றன. மேலே சுருள் சுருளாகத் தகடு ஓடுகிறது, போல்ட்டில் மரை ஓடுவது மாதிரி. உருளை சுற்றினால் வண்டி சேற்றைத் திருகிக்கொண்டே முன்னே போகிறது. உள்ளே வெற்று உருளை என்பதால் மிதக்கவும் செய்யும். நூறு வருசத்துக்கு முன்னால் அமெரிக்காவில் டிராக்டர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டிப் பனியில் ஓட்டியிருக்கிறார்கள். விண்வெளிக்குப் போய் வந்தவர்கள் சதுப்பில் விழுந்தால் தூக்கிவர ரஷ்யாக்காரர்கள் ஒன்று செய்து வைத்திருந்தார்களாம். நானோ பனியை ஃபிரிட்ஜில் மட்டும் பார்த்தவள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், 1868-லேயே, ஒருத்தர் இதை யோசித்தது பனிக்காக இல்லை. ஏர் இழுக்க. வயலுக்கு. இதைப் படித்ததும் எழுந்து என் வெல்டிங் பட்டறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். நம்ம வேலைக்குப் பிறந்த வண்டி, ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறது.

மே 9

பழைய பவர் டில்லர் இன்ஜின் கிடைத்தது. தார் டின்கள் எட்டு.

மே 17

ஒரு உருளை முடிந்தது. நாலு டின்னை ஒன்றாகப் பற்றவைத்து, முன்னால் கூம்பு வைத்து, தகட்டை வளைத்து வளைத்து ஏற்றினோம். வெல்டர் பொன்னுராஜ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கையில் அவ்வளவு நிதானம். தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. "இதே மாதிரி இன்னொண்ணுண்ணே" என்றேன்.

மே 27

அவமானம்.

ஊரே கரையில். வண்டியைச் சேற்றில் இறக்கினேன். புதையவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் தரையில் இல்லை. கிளட்சை விட்டேன். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ராட்டினம் மாதிரி. "ஏத்தா, திருவிழாவுக்கு விட்டா டிக்கெட் போடலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு உருளையும் எதிரெதிராகச் சுற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும். ஆனால் இப்போது ஒன்று முன்னே தள்ளுகிறது, மற்றது பின்னே தள்ளுகிறது. சரி, ஒன்றைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் தீர்ந்தது.

மே 28

திருப்பி மாட்டினோம். நாள் முழுக்க வேலை. மறுபடியும் ராட்டினம்.

அண்ணன் சிரிக்கவில்லை. அதுதான் வலிக்கிறது. "விடுத்தா. சனிக்கிழம நான் இறங்குறேன்" என்றான். மதினி பட்டறை வாசலில் வந்து நின்று, "ஜோதி, எப்படியாச்சும்..." என்றார். அவன் புதைந்துவிட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 29

மடச்சி! மடச்சி!

பொன்னுராஜ் கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டிருந்தார். ஆக்ஸிஜனுக்கு வலது பக்கம் திருகினார். கேஸுக்கு இடது பக்கம். அது லெஃப்ட் த்ரெட், மாறிப் போகக்கூடாது என்று அப்படி. பதினைந்து வருசமாகப் பார்க்கிறேன். இன்றுதான் பார்த்தேன்.

ஒரு போல்ட்டை எடுத்து இப்படி வைத்தேன், தலைகீழாக வைத்தேன். எப்படி வைத்தாலும் மரை ஒரே பக்கம்தான் சாய்கிறது. உருளையையும் ஆயிரம் தடவை திருப்பி மாட்டலாம், மாறாது. ஒன்று வலம்புரியாகவும் மற்றது இடம்புரியாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் வலம்புரியாகச் செய்து வைத்திருக்கிறேன்.

"நீங்க இதே மாதிரின்னுதான சொன்னீக" என்றார் பொன்னுராஜ். சொன்னேன்தான். கிரைண்டரை எடுத்து ஒரு உருளையின் தகட்டை முழுக்க அறுத்துப் போட்டோம். இடம்புரியாகச் சுற்றி ஏற்ற இன்னும் இரண்டு நாள்தான்.

மே 31, சனி

அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் வண்டியை இறக்கினேன். போனது. நேராக! ஆகாயத்தாமரையைக் கிழித்துக்கொண்டு, சேற்றைத் திருகிக்கொண்டு, கண்மாய் நடுவரை போய்த் திரும்பி வந்தேன். கத்தியிருக்கிறேன் போல, தொண்டை கட்டிவிட்டது. ஆனால் மடைக்கல் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாம் பச்சை மூடிக் கிடக்கிறது. அது அண்ணனுக்குத்தான் தெரியும்.

"ஏறுண்ணே."

இரண்டு உருளையையும் பார்த்தான். மதினியைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்து மதினி கையில் கொடுத்துவிட்டு ஏறினான். "இங்கன இல்ல, அங்கன, அந்த வேம்புக்கு நேரா விடு" என்று சாயங்காலம் வரை என்னை விரட்டினான். பின்னால் கட்டிய இரும்புப் பல் வாரி பொதி பொதியாக ஆகாயத்தாமரையை இழுத்து வந்தது. மடைக்கல் தெரிந்ததும் அவன் தொட்டுக் கும்பிட்டான். நான் அழுதேன். எழுதி வைப்பதில் என்ன வெட்கம்.

ஜூன் 6

கண்மாயில் தண்ணீர். காலையில் அண்ணன் வண்டியில் போய் மடையைத் திறந்தான்.

சாயங்காலம் பட்டறையில் உருளையைக் கழுவினோம். தகட்டில் சுற்றியிருந்த வேரைப் பிய்க்கப் பிய்க்க, உள்ளே ஒரு செருப்பு. போன வருசத்தது. அண்ணன் அதை நன்றாகக் கழுவினான். மற்றதோடு ஜோடி சேர்க்க வீட்டுக்குக் கொண்டுபோவான் என்று நினைத்தேன். ஒரு கம்பித் துண்டை எடுத்து, லாரிக்குக் கட்டுவதுபோல, வண்டியின் பின்னால் கட்டித் தொங்கவிட்டான்.

"ஊர்க் கண்ணு பூரா இது மேலதான்த்தா" என்றான்.