மூன்றாகப் பிரித்துக் கொடுத்த பள்ளிக்கூடம்

நேற்றுக் காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன் நின்றது. அதன் பின்கண்ணாடியில் ஓங்காரம், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கிய ஸ்டிக்கர். உள்ளே டை கட்டிய பிள்ளைகள் நம் நகரிலிருந்து தாம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குச் சற்றுத் தள்ளி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு சில பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு உங்கள் முகம்தான் தோன்றியது, கூடவே கோபமும். இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது பட்ட கோபத்தின் மிச்சம்தான் இது, சார். புதிதாக எதுவும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் அடுத்தடுத்த தெருவில் மனை வாங்கினோம். ஊரப்பாக்கத்தைத் தாண்டி அப்போது பொட்டல்தான். நீங்கள் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். நான் பத்திரிகை நிருபர். நலச்சங்கம் தொடங்கியபோது உங்களைச் செயலாளராக முன்மொழிந்ததே நான்தான். மனைகளின் வரைபடத்தில் தெருக்கோடி வேப்பமரத்தடி நிலம் பச்சை வண்ணத்தில் இருந்தது. அதன்மேல் 'பள்ளிக்கு' என்று எழுதியிருந்தார்கள். அதை என்னிடம் விரல் வைத்துக் காட்டியவர் நீங்கள்.

நம் நகருக்குப் பின்னால் கல் குவாரித் தொழிலாளர்களின் குடிசைகள் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்றால் தண்டவாளத்தையும் ஜி.எஸ்.டி. ரோட்டையும் தாண்டித்தான் போக வேண்டும். குவாரியில் ஜல்லி உடைத்த கஸ்தூரி தன் மகள் அஞ்சலையைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். மனுவை நீங்கள் எழுதினீர்கள். செங்கல்பட்டுக்கு நாம் மூவரும் பஸ்ஸில் போனோம். காலி நிலத்தைக் காலியாகவே காட்டுங்கள், கட்டடத்துக்கு நான் பொறுப்பு என்று கல்வி அதிகாரி சொன்னார். திரும்பும்போது கஸ்தூரி நம் இருவருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்று நீங்கள் மறுக்க மறுக்க உங்கள் சட்டைப் பையிலேயே கொட்டிவிட்டாள். அன்று உங்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நிலத்தைக் காலியாகக் காட்டுவதுதான் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது வேப்பமரத்தடியில் பிள்ளையார் இருந்தார். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிச் சுவர் எழுப்ப மட்டும் நம் நகர்க்காரர் ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பினார். அடுத்த மழைக்குள் மேற்கு மூலையில் தகரக் கூரை போட்டு ஜெபம் தொடங்கினார்கள். அவர்களுக்கு மைக் செட்டும் நாற்காலிகளும் ஏதோ வெளிநாட்டுச் சபையிலிருந்து வந்தன. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் சிலர், நமக்கும் தொழ ஓர் இடம் வேண்டாமா என்று கிழக்கு மூலையில் நான்கு கழிகளை நட்டார்கள். உலகமே ஒரே ஊராகப் போகிறது என்று அப்போதுதான் எங்கள் பத்திரிகையில் கட்டுரைகள் வரத் தொடங்கியிருந்தன. எந்த ஊருக்குள் உலகம் எப்படி வந்து இறங்குகிறது என்பதை நான் நம் தெருக்கோடியிலேயே பார்த்துவிட்டேன். டாலர் வந்தது, தினார் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எந்தத் தேசத்திலிருந்தும் யாரும் அனுப்பவில்லை.

மதக் கலவரங்களால் நாட்டில் அப்போது பதற்றமான காலம். போலீஸ் ஸ்டேஷன் தோறும் அமைதிக் கூட்டம் போட்டார்கள். நீங்கள் பயந்தீர்கள். பயந்ததைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் ஸ்டேஷனில் விசாரித்தேன். நம் நகரிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதை உங்களிடமும் வந்து சொன்னேன். கையை என் தோளில் போட்டு, "எல்லாருக்கும் பொதுவா பாத்துக்கலாம் ரிப்போர்ட்டர்" என்றீர்கள். வாழ்நாள் முழுக்க நீங்கள் சொன்ன வாக்கியம் அது. எவ்வளவு நல்ல வாக்கியம்! அதில் யார் யார் அடக்கம் என்று நான் அன்று கேட்கவில்லை.

அந்த நிலத்தை என்ன செய்வது என்று பேச, கூட்டம் உங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. உங்கள் மனைவி போண்டாவும் காபியும் கொடுத்தார். நானும் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். நிருபராக எத்தனையோ மத விழாக்களுக்குப் போயிருக்கிறேன். ஹெலிகாப்டரில் பூத்தூவிய குடமுழுக்கையும், வெள்ளைக்காரப் போதகர் மேடையில் நின்று நோய்களை விரட்டியதையும், மாநாட்டுப் பந்தலில் நன்கொடையாளர் பெயர்களை ஒருவர் மூச்சுவிடாமல் படித்ததையும் எழுதியிருக்கிறேன். மூன்று மதத்துக்காரர்களும் மனம் ஒத்துப்போனதை உங்கள் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டாவது காபி வருவதற்குள் முடிந்துவிட்டது. தங்களுடைய சொந்த நிலத்தில் ஓர் அடி என்றால் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். பிரித்துக்கொண்டது குவாரிப் பிள்ளைகளின் நிலம் என்பதால் ஒருவருக்கும் மனக்குறை வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் போண்டாவை மென்றபடி தலையாட்டினார்.

மறுநாள் நிலத்தை அளந்த கயிற்றின் ஒரு முனையை நீங்களே பிடித்தீர்கள். சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு போட்டதும் நிலம் மூன்றானது. குருக்கள், பாஸ்டர், ஹஜ்ரத் மூவரும் கைகோத்து நின்றார்கள், நடுவில் நீங்கள். எங்கள் புகைப்படக்காரர் படம் எடுக்கும்போதுதான் கஸ்தூரி வந்தாள். சத்தம் போடவில்லை. கோட்டை மிதிக்காமல் தள்ளி நின்று கேட்டாள்:

"மூணு சாமிக்கும் எடம் வுட்டுட்டீங்க, நல்லதுதான் சார். எங்க புள்ளைங்க எந்த சாமிய கும்புட்டா ஸ்கூல் வரும்னு சொல்லுங்க. நாளையிலேர்ந்து அத்தையே கும்புட்டுகினு கெடக்குறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் அவளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். குருக்கள், எல்லாம் நல்லபடியா நடக்கும்மா என்றார். ஹஜ்ரத் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரும் நகரவில்லை. நீங்களும் சிரித்தீர்கள், சார். அவளோடு செங்கல்பட்டுக்கு ஒரே சீட்டில் உட்கார்ந்து போன நீங்கள். வேர்க்கடலையை நான் மறந்தாலும் அந்தச் சிரிப்பை மறக்கமாட்டேன்.

பள்ளிக்கான நிலம் போனது என்று நான் எழுதிக் கொடுத்தேன். அது உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது. படம் முதல் பக்கத்தில் பெரிதாக வந்தது, மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்ற தலைப்போடு. அதை நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினீர்கள். மேலே ஒரு சின்ன பல்பு வேறு. சாமி படத்துக்குப் போடுவது மாதிரி. அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன்.

அடுத்த மழைக்காலத்தில் கேட் அருகே ஒரு சரக்கு ரயில் நின்றது. பள்ளியிலிருந்து திரும்பிய குவாரிப் பையன் ஒருவன் பெட்டிக்கு அடியில் நுழைந்தபோது ரயில் கிளம்பிவிட்டது. உயிர் பிழைத்தான், ஒரு கால் போனது. கஸ்தூரி மறுநாளே அஞ்சலையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். மூன்றாம் வகுப்பு. இந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் மூன்று இடங்களிலும் அந்தப் பையனுக்காகப் பிரார்த்தனை நடத்த ஏற்பாடு செய்ததாகப் பதில் வந்தது.

பிறகு நம் நகர் வளர்ந்தது. கோபுரம் வந்தது, சர்ச் வந்தது, மினாரா வந்தது, மூன்றிலும் ஒலிபெருக்கி வந்தது. சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட, நீங்கள் படுக்கையில் விழுந்தபோது ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினீர்களாம். முதலில் அவர்களைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று மூவரும் சொன்னார்களாம். கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நீங்கள் சிரித்ததுபோல.

உங்கள் மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டதால்தான் கடைசியாக வந்தேன். மாலை நேரம். மூன்று ஒலிபெருக்கிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. உங்கள் கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததும் அஞ்சலை என்று புரிந்துகொண்டேன். கஸ்தூரியின் அதே நெற்றி. உங்களுக்கு அவள் யார் என்று தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது. வேலைக்கு வருகிற பெண்ணிடம் அதையெல்லாம் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை.

நான் வந்ததில் உங்களுக்கு மகிழ்ச்சிதான். காட்டிக்கொள்ளாமல், "பேப்பர்ல இன்னைக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்றீர்கள். பிறகு அவளைக் கூப்பிட்டு முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னீர்கள். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கினாள். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து, அப்புறம் நின்றுவிட்டாள். நீங்கள் எரிச்சலோடு கேட்டீர்கள்:

"ஸ்கூல் போனேன்னு சொன்னியே. ஏன் நிறுத்தின?"

"லைன் தாண்டணும் சார். அம்மா வேணாம்னுட்ச்சி."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பேப்பரை மடித்து உங்கள் கால்மாட்டில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வெளியே யாரோ ஒலிபெருக்கியில் உலக சமாதானத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றில் எது என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் கையைக் காட்டினீர்கள்.

"ரிப்போர்ட்டர், அந்த பல்ப கொஞ்சம் அணைச்சிடுங்க."

அணைத்தேன். படத்தில் இருந்த மூவரும் நடுவில் நீங்களும் இருட்டுக்குள் போனீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இறந்தீர்கள். மூன்று இடங்களிலும் உங்களுக்காக வேண்டினார்கள், ஒலிபெருக்கியில்.

கண் கூசுகிறது என்றா அணைக்கச் சொன்னீர்கள், சார்? உங்களுக்குத்தான் கண்ணே தெரியவில்லையே. அந்த விளக்கு எரிவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நிருபன் என்பதால் எதையும் இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்வேன். இதைக் கேட்க நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள், நீங்களும் போய்விட்டீர்கள். கோபம் அப்படியே என்னிடம் இருக்கிறது. விளக்கை அணைக்கச் சொன்ன குரலையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நேற்று கேட் திறந்ததும் வேன் முதலில் போனது. தலையில் பையோடு தாண்டிய பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கம் ஏறிவிட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் நான் வண்டியைக் கிளப்பினேன்.