பல் தெரியச் சிரிக்கவும்

திங்கள், 3

வெயில் கொளுத்துகிறது. காலை முழுக்க யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதி மண்டபம். 'வாடிக்கையாளர் சேவை' பயிற்சி. கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவர் ஆளுக்கொரு கண்ணாடி தந்து சிரிக்கச் சொன்னார். பத்துத் தரம். பல் தெரிய. நாற்பத்தாறு வயதில் இந்தக் கூத்து. மத்தியானம் பிரியாணி, கோழி வேகவில்லை.

இனி எங்கள் கொம்பனியின் வேலணைக் கிளையில் நான்தான் கண்காணிப்பு. போட் எஞ்சின் திருத்தக் கொண்டுவருகிற சனத்தைக் கவுண்டரில் எப்படி நடத்துகிறோம் என்று தினமும் புள்ளி போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து: வணக்கம், சிரிப்பு, கதிரையில் இருத்துவது, தண்ணீர், குரல் உயர்த்தாமை, இலக்கச் சீட்டு ஒழுங்கு. எஞ்சின் திருந்தியதா என்று ஒரு கட்டமும் இல்லை. அந்தத் தம்பியிடம் கேட்டேன். "அது திருத்துற ஆக்கள் பாக்கிறது அக்கா, இது சேவை" என்றார். சீ.

வாங்க: நுளம்புத்திரி (இரவெல்லாம் கடி), சீனி.

செவ்வாய், 4

காற்று. கவுண்டரில் நேசண்ணை, பதினெட்டு வருசமாக அதே கதிரை. வழக்கம்போல் தொண்டை கிழிய: "நெடுந்தீவு ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! மண்டைதீவார் அங்காலை நில்லுங்கோ, உங்களுக்குப் பின்னேரம் வரைக்கும் பஸ் இருக்கு."

"இவர் ஆர் எங்களைக் கலைக்க?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

படிவம் நிரப்பினேன். அறுபதுக்கு எட்டு. எட்டும் கதிரைக்கு. மனேச்சர் பார்த்தவுடனே அவரைப் பின்னுக்கு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். "நல்லது பிள்ளை, எனக்கும் தொண்டை நோகுது" என்றார் நேசண்ணை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

புதன், 5

மூட்டம். கவுண்டரில் புதுப் பெண் தர்சினி. முப்பத்திரண்டு பல்லும் வெளியே. எட்டரைக்குச் சீட்டு. கிட்ட இருக்கிற ஆட்கள் முதல் முப்பதையும் எடுத்துவிட்டார்கள். நெடுந்தீவார் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, பஸ் பிடித்து இங்கே சேரப் பத்து மணி.

அதில் றீற்றா என்று ஒரு மனுசி. காபரேட்டரைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். சீட்டு 31. ஒன்பது நாளாக அவர்களுடைய எஞ்சின் ஓடவில்லை. "அவர் மற்றவையின்ரை போட்டிலை கூலிக்குப் போறார், அதுதான் நான் வந்தனான். ஒரு மணி பஸ்ஸை விட்டால் கடைசிப் படகு பிடிக்க ஏலாது பிள்ளை."

"இருங்கோ அக்கா, உங்கடை இலக்கம் வரும்" என்றாள் தர்சினி. தண்ணீர். சிரிப்பு. பிறகும் தண்ணீர்.

பன்னிரண்டே முக்காலுக்கு இலக்கம் 24. நான் படிவத்தோடு பக்கத்தில் நின்றேன். முன்னுக்கு விட்டால் சீட்டு ஒழுங்கில் பத்துப் போய்விடும் என்றுதான் யோசித்தேன். தூ, நானும் ஒரு மனுசியா.

திருத்தாத காபரேட்டரோடு அவள் எழும்பினாள். தர்சினி கருத்துச் சீட்டை நீட்டினாள்; சிரிக்கிற முகம், அழுகிற முகம், ஒன்றில் சரி போட வேண்டும். "எந்த முகத்திலை போடுறது பிள்ளை?" "சிரிக்கிற முகத்திலை அக்கா." போட்டுவிட்டு ஓடினாள்.

அறுபதுக்கு அறுபது.

வியாழன், 6

தலைமையகத்திலிருந்து பாராட்டு. மனேச்சர் கேக் வெட்டினார். ஐசிங்கில் சிரிக்கிற முகம். ஒரு துண்டு வாயில் வைத்தேன். மிச்சத்தைக் குப்பைக்குள் போட்டேன். தர்சினி பாவம், அவளுக்குத் தாடை நோகிறதாம்.

பல்லி விழுந்த பாலை வெளியே ஊற்ற வேண்டும். இரவுச் சாப்பாடு கடைப் பாண்.

வெள்ளி, 7

மழைத் தூறல். பத்தேகால். றீற்றா திரும்ப. சீட்டு 28. இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கத்துற அண்ணை எங்கை?"

தர்சினி சிரித்தாள். வேறு என்ன செய்வாள், அதைத்தானே பழக்கினோம்.

"செத்துப் போட்டாரோ?"

எனக்கு முகம் எரிந்தது. படிவத்தை மேசையில் வைத்தேன். எழும்பி நின்று, இருக்கிற குரல் முழுவதையும் போட்டு: "நெடுந்தீவு ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! மற்ற ஆக்கள் பொறுங்கோ."

குரல் கீச்சென்று போனது. மண்டைதீவார் ஏசினார்கள். மனேச்சர் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். ஸ்டோருக்குள் நேசண்ணை இருமியது கேட்டது.

பன்னிரண்டு பத்துக்கு றீற்றா கையில் திருந்திய காபரேட்டர்.

படிவம். கண்காணிப்பாளர்: நான். கத்தியவர்: நான். குரல் 0. சீட்டு ஒழுங்கு 0. சிரிப்பு 0.

கருத்துச் சீட்டை நீட்டினோம். "பஸ் போயிடும் பிள்ளை" என்று வாங்காமலே ஓடிவிட்டாள்.