நண்பருக்கு ஒரு சின்ன ரம்பம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் நண்பரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உங்களுக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது. காகிதம் என்றால் கடைசி வரி வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தானே ஆகவேண்டும்.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் மரத்தில் ஏறிக் கிளை அறுக்கப் போகிறார், அவருக்கு எந்த ரம்பம் தோதுப்படும், எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நண்பருக்கு உங்கள் வயதுதானாம். இடது தோள் முன்போல மேலே வராதாம். கை கொஞ்சம் குட்டையாம். உலகத்தில் இப்படியும் ஒற்றுமை இருக்கும் போலிருக்கிறது! அத்தை கேட்டுவிட்டு, "பெத்தவளுக்கு ரெண்டு வரி எழுத வலிக்குது அவனுக்கு. எவனோ ஒருத்தனுக்காக மூணு பக்கம் எழுதியிருக்கானே, யாருடி அவன்?" என்றார். நல்ல நண்பராம் அத்தை என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அங்கே ரம்பக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான், தரையை விட்டுக் கால் எடுக்க மாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தானே வண்டி ஏறினீர்கள்? ஆகவே இது நண்பருக்குத்தான். நானும் நண்பருக்கே எழுதுகிறேன். ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

நண்பர் தரையில் நின்று அடிமரம் சாய்ப்பவராக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. கைப்பிடி பின்னால் இருக்கும் பெரிய ரம்பம், சங்கிலி ஓடும் நீளமான பார், வாங்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த வேலையில் கனம் நல்லது, மெஷினே தன் பாரத்தில் மரத்துக்குள் இறங்கும். மேலே போகிறவருக்கு அதே கனம் சனியன். கைப்பிடி மேல்பக்கம் இருக்கும் சின்ன ரம்பம்தான் அவருக்கு. பாரும் குட்டையாக இருக்கட்டும். நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எட்டி அறுக்கலாமே என்று சபலம் வரும், அந்த எட்டுதலில்தான் கால் நழுவும். அப்புறம், கடையில் கையில் வாங்கிப் பார்த்து "அட, பஞ்சு மாதிரி இருக்கே" என்று ஏமாற வேண்டாம். எண்ணெய் ஊற்றாத மெஷினைத்தான் கடைக்காரர்கள் கையில் கொடுப்பார்கள். அப்பா கடையில் நாங்களும் அப்படித்தான் கொடுக்கிறோம்.

கடை என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பா உட்காரும் முக்காலிக்கு நேற்று ஒரு கால் மாற்றினேன். அதில் உட்கார்ந்துதான் நான் உங்களை முதன்முதலில் பார்த்தேன். நீங்கள் பெரிய ரம்பம் ஒன்றைச் செத்த ஆட்டைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "மெஷின் போயிடுச்சு, புகைதான் வருது, ஒரு குச்சிகூட அறுக்க மாட்டேங்குது" என்று அப்பாவிடம் சண்டைக்கு நின்றீர்கள். அப்பா மெஷினை என் பக்கம் தள்ளினார். நீங்கள் சங்கிலியைத் தலைகீழாகப் பூட்டியிருந்தீர்கள். பல்லெல்லாம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கழற்றித் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு பழுதும் இல்லாத மெஷின்களாகக் கொண்டுவந்து கொண்டே இருந்தீர்கள். அப்பாவே ஒருநாள், "இந்தப் பையனுக்குக் கோளாறு மெஷின்ல இல்லம்மா" என்றார். அந்த நாட்கள் திரும்பி வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

சரி, நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். சங்கிலியை இறுக்கும்போது பாரின் மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகாணியை முடுக்கச் சொல்லுங்கள். சங்கிலி கீழ்ப்பக்கம் தொங்கவும் கூடாது, கையால் இழுத்தால் ஓடாமல் அடம்பிடிக்கவும் கூடாது. வேலை நடுவில் சூடேறித் தளர்ந்தது என்று இறுக்கினால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். குளிர்ந்ததும் சங்கிலி சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, மூக்கை வெளிர்நிறக் கட்டை ஒன்றுக்கு நேரே காட்டி ஓடவிட்டால் போதும், கோடு போட்டதுபோல எண்ணெய் தெறிக்கும்.

தீட்டும் வேலையை நண்பர் தானே செய்வாராம். ஐயோ பாவம் அந்த ரம்பம்! வலதுபக்கப் பல்லை அழுத்தியும் இடதுபக்கப் பல்லைத் தடவியும் அரம் போடுகிறவராக இருப்பார் என்று என் மனசு சொல்கிறது. அப்படிப் போட்டால் ஒருபக்கப் பல் குட்டையாகும். நேரே அறுக்கப் பார்த்தால் ரம்பம் வளைந்து வளைந்து ஓரமாகவே ஓடும். இங்கே இருந்தவரை ஒருவருக்குத் தெரியாமல் நான் தினமும் அதைச் சரிசெய்து வைத்தேன். அவர் தன் கைவண்ணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், ஒரே எண்ணிக்கை. மனசில் எண்ணிக்கொண்டே போடச் சொல்லுங்கள்.

இப்போது பெரிய விஷயம். பெட்ரோலா, பேட்டரியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பேட்டரி மெஷினைக் கண்டாலே ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இங்கே மரம் ஏறிய நாட்களில், காலையில் பெட்ரோல் மெஷினைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, கயிறு இழுத்து நான்தான் கிளப்புவேன். கொஞ்ச நேரம் உறுமவிட்டு, சூடானதும் அணைத்து, சங்கிலி ஓடாதபடி பிரேக் போட்டு, கயிற்றில் கட்டி மேலே அனுப்புவேன். நீங்கள் அங்கே ஒரே இழுப்பில் கிளப்பிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவீர்கள். அந்தப் புகைவாசனை என் புடவையெல்லாம் ஏறியிருக்கும். வாஷிங் மெஷினில் போடும்போது அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார். அந்தத் திட்டுகூட இப்போது இல்லை. என் புடவையில் சோப்பு வாசனைதான் வருகிறது. எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

இருந்தாலும் நண்பர் பேட்டரி ரம்பமே வாங்கட்டும். நான் யோசித்து யோசித்துத்தான் சொல்கிறேன். அதைக் கீழே யாரும் சூடாக்கி அனுப்ப வேண்டியதில்லை. இழுத்துக் கிளப்ப வேண்டியதில்லை, ஆகாத தோளுக்கு அது பெரிய உதவி. ஆனால் காரணம் அதுவும் இல்லை. விசையை விட்டதும் பேட்டரி ரம்பம் வாயை மூடிக்கொள்கிறது. பெட்ரோல் மெஷின் அறுக்காத நேரத்திலும் தடதடவென்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை. கீழே இருந்து யாராவது பேசினால் மேலே கேட்கும். சத்தம் இல்லையே என்று மட்டும் அலட்சியம் கூடாது. இடுப்பில் மாட்டும் முன் ஒவ்வொரு தடவையும் பிரேக். இரண்டு கையும் மெஷினில். அறுக்கும்போது இடுப்புக் கயிறு இரண்டு. ஒன்றே போதும் என்பவர்கள் போய்ச் சேரட்டும், நம் நண்பர் வேண்டாம்.

கேட்பது ஏன் முக்கியம் என்று நண்பருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் நம்முடைய வழக்கத்தைச் சொல்லிவைக்கிறேன். ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் நீங்கள் மேலிருந்து "கீழே?" என்று கேட்பீர்கள். நான் கிளையைக் கட்டிய கயிற்றை அடிமரத்தில் சுற்றிப் பிடித்து, ஆள் நடமாட்டம் பார்த்து, "இருக்கேன்" என்பேன். அந்த ஒரு வார்த்தை வராமல் நீங்கள் விசையைத் தொட்டதில்லை. தபால் ஆபீஸ் பின்னால் இருந்த பட்ட மரம், பள்ளிக்கூடத்துத் தைல மரங்கள், காற்றடித்து நாலு வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருந்த அந்த ராட்சசன், எல்லாம் இப்படித்தான் இறங்கின. வீட்டில் நாம் பேசியதைவிட மரத்தில்தான் அதிகம் பேசியிருக்கிறோம் என்று ஒருநாள் நீங்களே சொன்னீர்கள். சண்டை போட்ட நாட்களில்கூட அந்த இரண்டு வார்த்தை மட்டும் நிற்கவில்லை. காலையில் காபி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு வந்திருப்பேன். நீங்கள் "கீழே?" என்று கேட்கும்போது கோபம் எங்கே போகும் என்றே தெரியாது.

ஆஸ்பத்திரி மரத்தை அறுத்த அன்று என்ன நடந்தது? புது கான்ட்ராக்டரின் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் "கீழே?" என்றதும் ஒருவன், "என்னண்ணே, மேல போயும் வீட்டம்மாகிட்ட பர்மிஷனா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த கிளைக்கு நீங்கள் கேட்கவில்லை. நான் ஒரு முண்டில் சிக்கிய கயிற்றை விடுவித்துக்கொண்டிருந்தேன், மரத்தில் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. மேலே சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் கிளை ஊஞ்சல்போல வீசி உங்கள் தோளில் இடித்துவிட்டது. இடுப்புக் கயிற்றில் நீங்கள் தலை தொங்கிக் கிடந்தீர்கள். இறக்கிப் படுக்கவைத்ததும் கண்ணைத் திறந்து, "பிரேக் போட்டுட்டேன், மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டீர்களே மனுஷா! அன்றைக்கு அழுததுபோல நான் அழுததே இல்லை.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். ரம்பத்தை இடுப்பில் தொங்கவிடும் பட்டை. நானே தைத்தது, இரட்டைத் தையல். பீரோவில் இருக்கும் உங்கள் நீலச் சட்டையை எடுத்து, தோளிலிருந்து கைவரை அளந்து நீளம் வைத்தேன். நண்பருக்குப் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்பி வராது என்று எனக்குத் தெரியும்.

போதுங்க இந்த நண்பர் நாடகம். எனக்கு எழுதவும் கஷ்டமாக இருக்கிறது. ஏறாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உச்சியிலிருந்து இறங்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று கீழே நின்று பார்த்தவள் நான். அடிபட்ட பிறகு, கடைசி வருஷம் அந்த முகத்தை வீட்டில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த தெருவில் யாரோ மரம் அறுக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதைப் பார்த்தவளுக்கு ஏறாதே என்று சொல்ல மனசு வரவில்லை. பொய் சொன்னதற்குத்தான் கோபம். வந்த பிறகு அதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

அத்தையும் கண்டுபிடித்துவிட்டார். நான் பட்டை தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அவன் ஏறிட்டான், இல்ல?" என்றார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டேன். "சின்ன வயசிலேயே அவனை மரத்திலேர்ந்து இறக்க முடியாதுடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூட்டுவலி தைலம் தீர்ந்துவிட்டதாம், அதையும் எழுதச் சொன்னார்.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். அங்கே கீழே கயிறு பிடிப்பது யார்? நல்ல ஆளா? நிதானமானவரா? அவரிடம் ஆஸ்பத்திரி மரத்துக் கதையை ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் பாஷை அவருக்குப் புரியாவிட்டால் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் கற்றுக்கொடுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். சிரிக்கிறவன் யாரும் உங்களை ஏந்திப் பிடிக்கப்போவதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் கேளுங்கள். பதில் வந்த பிறகு அறுங்கள். வராவிட்டால் இறங்கி வந்துவிடுங்கள், எந்த மரமும் நமக்குப் பெரிதில்லை.

காலையில் கடை திறந்ததும் நானும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். நல்லபடியாக ஏறி, நல்லபடியாக இறங்குங்கள். கீழே, நான் இருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் கயிறு பிடிப்பவள்