மிச்சம் என்று பெயர் வைத்த வட்டாரம்

ஜூலை 8, செவ்வாய்

பிரதேச சபைத் தேர்தலுக்கு வட்டாரம் பிரிக்கிற வேலை கடைசியில் என் தலையில்தான் விடிந்தது. கந்தோரில் என் மேலதிகாரி இக்ராம் சேர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார். "கொம்பியூட்டர்ல நீங்கதான் கெட்டிக்காரன், கஜீபன். இந்தக் கிழமைக்குள்ள வட்டாரப் படத்தைக் கீறித் தாங்க." புகழ்ந்தால் நான் மசிவேன் என்று அந்த மனுசனுக்கு நல்லாய்த் தெரியும்.

திரையில் கிராம சேவகர் பிரிவுகள் துண்டு துண்டாய்க் கிடக்கும். எதில் எத்தனை சனம் என்று ஏற்றியாயிற்று. துண்டுகளைத் தொட்டுச் சேர்த்தால் வட்டாரம். சனம் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு, அளவாய் வந்தால் பச்சை. போனில் விளையாடுகிற மாதிரித்தான். கிளிவெட்டியில், எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கினேன். மத்தியானத்துக்குள் மூன்று பச்சை!

ஜூலை 11, வெள்ளி

எல்லாம் பச்சை. கடைசி வட்டாரம்தான் கோணல். மற்றதுகளைச் சரிக்கட்டினாப் பிறகு எஞ்சிய துண்டுகள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. இந்தப் பக்கத்துத் துண்டு என் மனைவி பிரசாவின் ஊர், இலுப்பைச்சேனை. மற்ற வட்டாரங்களுக்கு ஊர்ப் பெயர் வைத்தேன். இதற்கு ஒன்றும் வாயில் வரவில்லை. 'மிச்சம்' என்று அடித்து வைத்தேன், பிறகு மாற்றலாம்.

சேர் "மாஷா அல்லாஹ்" என்றார். பஸ்ஸில் சீட்டும் கிடைத்தது.

ஜூலை 15, செவ்வாய்

என்னைச் செருப்பால அடிக்கோணும்.

திரையில அந்தப் பேர் தெரியாமல் லேபிளை நிப்பாட்டினனான். அச்சுக்குப் போற பக்கத்தில நிப்பாட்டேல்லை. படம் பெரிசாய் அடிச்சு, ஊர் ஊராய் அறிவித்தல் பலகையில ஒட்டியாச்சு. எல்லா வட்டாரத்திலயும் ஊர்ப் பேர். ஒண்டில மட்டும் கொட்டை எழுத்தில — மிச்சம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்க பிரசா போனை நீட்டினாள். ஊரில ஆரோ எடுத்து அனுப்பின படம்.

"இதைப் பாருங்கோவன். நாங்கள் மிச்சமாம். ஆர் எழுதினது? உங்கட கந்தோரே?"

"தெரியாது. கொழும்பில கீறி வந்ததாக்கும்."

வாயில சோத்தோட சொன்னன். யோசிக்கக்கூட இல்லை, தன்ரபாட்டில வந்திட்டுது. அவள் நம்பிட்டாள். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.

ஜூலை 16, புதன்

பிரசா தாயோடு போனில். "முகாமில இருக்கேக்க நிவாரணம் எங்களுக்குக் கடைசி. ஊருக்குத் திரும்பினாப் பிறகு கரண்ட் கடைசி. இப்ப பேரே வைச்சிட்டாங்கள் அம்மா."

தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனவன் குடிக்காமல் திரும்பினேன்.

கந்தோரில் அந்தப் பெயரை அழித்துப் பார்த்தேன். பெயர் போய்விட்டது. வட்டாரம் அப்படியே கிடக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் சனம் கூட. உறுப்பினரும் அங்கிருந்துதான் வருவார். மாரிக்கு ஆறு பெருகினால் இலுப்பைச்சேனையை எட்டியும் பார்க்கமாட்டார். நான் எழுதினது கைதவறு என்று சொல்லித் தப்பலாம். கீறினது? மிச்சமாய்த்தானே வைத்தேன் அந்தச் சனத்தை. தெரிந்துதானே தொட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

பள்ளிக்கூட மண்டபத்தில் ஆட்சேபனைக் கூட்டம். நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில். இலுப்பைச்சேனைச் சனம் ட்ரக்டர் பிடித்து வந்திருந்தது. அவர்களுக்காகக் கதைக்கிறவர் கனகசுந்தரம் மாமா, பிரசாவின் அப்பா. அயன் பண்ணின வெள்ளைச் சேட்டு. எழும்பினார்.

"ஐயா, எங்களை மிச்சம் எண்டு எழுதினவர் ஆர்? அதை முதலில சொல்லுங்கோ. மற்றதைப் பிறகு கதைக்கிறன்."

சேருக்கு எங்கள் உறவு தெரியாது. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, "படம் கீறினது எங்கட கஜீபன். உங்கட பக்கத்துப் பொடியன்தான். வேணுமெண்டு செய்யல்ல ஐயா" என்றார்.

மாமா என்னைப் பாத்தார். மண்டபம் மாமாவைப் பாத்தது. எனக்குச் சோறு போடாமல் தான் கை நனைக்காத மனுசன் அவர். மருமகனைச் சபையில வைச்சு ஒரு சொல்லுச் சொல்லுவாரே?

"அப்ப சரி ஐயா. எங்களுக்கு ஆட்சேபனை ஒண்டும் இல்லை." திரும்பக் கதிரையில இருந்திட்டார்.

பின்னால ஒரு மனுசி கத்தினா: "என்ன கனகண்ணை, இதுக்கே ட்ரக்டர் பிடிச்சு வந்தனாங்கள்?" அவர் எழும்பி நடந்தார். வெளியில செருப்பைக் கொழுவிக்கொண்டு என்னட்டக் கேட்டார், "சாப்பிட்டிட்டீங்களோ தம்பி?"

ஐயோ. நாலு பேச்சுப் பேசியிருந்தால் தாங்கியிருப்பன். வெக்கக்கேடு. அவரிண்ட முகத்தில இனி எப்பிடி முழிக்கிறது?

ஜூலை 20, ஞாயிறு

பிரசாவிடம் சொன்னேன். மாமா அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவும் மாட்டார், அதுக்குள்ள ஒளிச்சிருக்கலாம் எண்டு காலமை வரைக்கும் நினைச்சனான். என்ன பிறவி நான்!

"எங்கட ஊர் எண்டு தெரிஞ்சுதான் சேர்த்தீங்களோ?"

"ஓம்."

"நான் கேக்கேக்க கொழும்பு எண்டீங்கள்."

"ஓம்."

அழவில்லை. உடுப்பு மடிப்பதை நிறுத்தவும் இல்லை. "அப்பா உங்கட மரியாதையைக் காப்பாத்திப்போட்டார். இனி ஊருக்காக ஆர் கதைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 21, திங்கள்

சேரின் அறைக்குப் போய், இலுப்பைச்சேனையின் ஆட்சேபனையை நான் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க கீறினதுக்கு நீங்களே ஆட்சேபனையா? விசரா உங்களுக்கு?"

அவர் என் மாமனார் என்றேன். சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரிஞ்சிருந்தா நான் உங்கட பேரச் சொல்லியிருக்க மாட்டன்."

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லியிருக்க மாட்டன் சேர்."

கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு, "கிழமை முடியிறதுக்குள்ள புதுசாக் கீறுங்க. மேலிடத்துல நான் கதைக்கிறன். இந்த முறை எங்க இருந்து தொடங்கிறண்டு நான் சொல்லத் தேவல்லதானே?"

ஜூலை 24, வியாழன்

இலுப்பைச்சேனையிலிருந்து தொடங்கினேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து ஊர்களோடு சேர்த்தேன். பச்சை. பெயர்: இலுப்பைச்சேனை.

கடைசியில் ஏதாவது மிஞ்சத்தானே செய்யும்? மிஞ்சினது கிளிவெட்டியில் எங்கள் பிரிவு. எங்கள் வீடு, ஒழுங்கை, அயல் முழுக்க. தூரத்து வட்டாரம் ஒன்றோடு ஒட்ட வேண்டியதாய்ப் போயிற்று. அதற்குத் தார் றோட்டாவது இருக்கிறது. எங்கள் பிரிவைத் தப்பவைக்க ஒருக்கால் மாற்றியும் பார்த்தேன் — பொய் சொல்லக்கூடாது. இலுப்பைச்சேனை திரும்பவும் ஆற்றுக்கு அங்காலே உள்ள வட்டாரத்தோடு போனது. பழையபடி திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புதுப் படம் ஒட்டியிருக்கிறார்கள். பிரசா இன்னும் அளந்துதான் கதைக்கிறாள். மாமா வந்திருந்தார். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணை படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தீரோ தம்பி அநியாயத்தை? எங்களைக் கொண்டுபோய் எங்கயோ தள்ளிவிட்டிருக்கிறாங்கள். எந்த விசரன் கீறினவன் இதை?"

நான் வாய் திறக்க முதல் மாமா முந்திக்கொண்டார். "அதெல்லாம் கொழும்பில கீறி அனுப்பிறதாம், அண்ணை. இஞ்ச இருக்கிற பிள்ளையளுக்கு என்ன தெரியும்?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த பிரசா அப்படியே நின்றாள்.

"இல்லை அண்ணை," என்றேன். "நான்தான் கீறினனான்."

பாக்கியரத்தினம் அண்ணை வாயில் வந்தபடி பேசினார். என்ர வளர்ப்பு, படிப்பு, ஒன்றையும் விடவில்லை. மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணைக்கு மூச்சு வாங்கினபோது, ஆட்சேபனை எழுதிக் கொடுக்க வருகிற புதன் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். பிரசா அவருக்கு ஒரு கதிரை எடுத்துவந்து போட்டாள்.